ஆயரை அமர்த்துவது யார்? – வாசகர் கேள்வி பதில்

எத்தியோப்பியாவின் லாலிபெலா ஊரில் பாறையைக் குடைந்து அமைத்த பதினொரு கோவில்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, ஆப்பிரிக்கக் கிறித்தவம் ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான சரக்கு அன்று என்று குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரியைத் தொட்டே இம்மாதம் இத்தனை கடிதங்கள் வந்துள்ளன. திருச்சபைத் தலைவரைக் கத்தோலிக்கர் ஆயர் என்பர். தென்னிந்தியத் திருச்சபையினர் பேராயர் என்பர். நெல்லைச் சீமையின் பழைய ஏடுகளில் அத்தியட்சர் என்றிருக்கும். இப்பகுதி முழுவதும் ஆயர் என்ற சொல்லையே ஆள்கிறேன்.

கே: ஆப்பிரிக்காவுக்குக் கிறித்தவத்தைக் கொண்டுசென்றவர்கள் ஐரோப்பிய மிஷனரிகள் என்றுதான் ஓய்வுநாள் பள்ளியில் கற்றோம். அது தவறா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

ப: கண்டத்தின் தென்பாதிக்கு அது பெரும்பாலும் பொருந்தும், வடக்கிற்கும் கிழக்கிற்கும் பொருந்தவே பொருந்தாது. ஆங்கிலேயருக்கு மறையுரைக்க உரோமையிலிருந்து அனுப்பப்பட்ட துறவியர் கென்ட் நாட்டுக் கரையில் இறங்கியது 597ஆம் ஆண்டில். அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, 180ஆம் ஆண்டில், இன்றைய துனீசியாவிலுள்ள கார்த்தேஜ் நகரில் சில்லி என்னும் சிற்றூரைச் சேர்ந்த கிறித்தவர்கள் தங்கள் நம்பிக்கைக்காகத் தலை கொடுத்திருந்தார்கள். உரோமை நகரத் திருச்சபையே கிரேக்க மொழியில் வழிபட்டுக்கொண்டிருந்த காலத்தில், கிறித்தவச் சிந்தனைக்கு லத்தீனில் சொற்களை ஆக்கித் தந்தவர் கார்த்தேஜின் தெர்த்துல்லியன். ‘திரினித்தாஸ்’ என்னும் லத்தீன் சொல்லைத் திரித்துவப் பொருளில் முதலில் ஆண்டவராக அறியப்படுபவரும் அவரே.

துறவு மடம் என்னும் அமைப்பும் ஆப்பிரிக்க மண்ணில் முளைத்ததுதான். திண்டுக்கல் வட்டார ஊர்களில் தை மாதத்தில் ஆடுமாடுகளோடு விழா எடுக்கிறார்களே, அந்த வனத்து அந்தோணியார் நைல் ஆற்றங்கரையில் பிறந்து எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்து 356ஆம் ஆண்டில் மறைந்தவர். தனித்து வாழ்ந்த துறவிகளை ஒரே மதிலுக்குள், ஒரே ஒழுங்குக்குக் கீழ் கூட்டி வாழவைத்த பக்கோமியுசும் எகிப்தியரே. ஐரோப்பாவின் மடங்கள் அனைத்தும் அந்த விதையிலிருந்து வந்தவை.

கே: புனித அகுஸ்தினாரைத் தந்த வட ஆப்பிரிக்காவில் அந்தப் பழைய திருச்சபை அடியோடு மறைந்துபோனதே, அது அரபியரின் படையெடுப்பால்தானே?
– ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

ப: படையெடுப்பு மட்டுமே காரணம் என்றால் எகிப்திலும் திருச்சபை அழிந்திருக்க வேண்டும். எகிப்து 642-க்குள் அரபியர் கைக்கு வந்தது. கார்த்தேஜ் வீழ்ந்தது 698-இல். எகிப்தில் கோப்துக் கிறித்தவர்கள் இன்றும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். கார்த்தேஜின் கிறித்தவமோ கல்வெட்டுகளிலும் தரைச்சித்திரங்களிலும் மட்டுமே எஞ்சியிருக்கிறது. இந்த வேறுபாட்டுக்கு விடை தேட வேண்டுமானால், அரபியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அத்திருச்சபை தனக்குள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும்.

303-இல் உரோமைப் பேரரசர் தியோக்கிளேசியன் காலத்துக் கிறித்தவ வேட்டையில், உயிருக்கு அஞ்சித் திருநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தவர்கள் உண்டு. கொடுமை ஓய்ந்தபின், கார்த்தேஜின் ஆயராகச் செசிலியன் என்பவர் திருநிலைப்படுத்தப்பட்டபோது, அவர் தலைமேல் கைவைத்துப் பட்டம் தந்த ஆயர் அவ்வாறு நூலைக் கொடுத்த துரோகி என்று ஒரு சாரார் எதிர்த்தெழுந்தார்கள். துரோகியின் கை பட்டவர் ஆயராவாரா என்ற அந்தக் கேள்வி ஒரு நாட்டையே இரண்டாக்கிற்று. எதிர்த்தவர்கள், தங்கள் தலைவர் தொனாத்துசின் பெயரால், தொனாத்தியர் எனப்பட்டனர். ஊருக்கு இரண்டு ஆலயம், இரண்டு ஆயர் என்ற நிலை நூறாண்டு நீடித்தது. 411-இல் பேரரசின் ஆணைப்படி இரு தரப்பாரும் கார்த்தேஜில் வாதிடக் கூடியபோது, ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 280 ஆயர்கள் இருந்தார்கள். ஹிப்போ நகரின் ஆயரான அகுஸ்தினார் அங்கே வென்றார். தொனாத்தியர் சட்டத்துக்குப் புறம்பானவர்களாக அறிவிக்கப்பட்டார்கள். அகுஸ்தினாரின் எழுத்தைப் பெரிதும் போற்றுபவன் நான். ஆயினும் அரசின் கைகொண்டு உடன்பிறந்தாரை அடக்கியதை அவர் நியாயப்படுத்தி எழுதிய கடிதங்களை மனவருத்தமின்றிப் படிக்க முடிந்ததில்லை.

அடுத்தது மொழி. வட ஆப்பிரிக்கத் திருச்சபை லத்தீனில் ஓதியது, லத்தீனில் எழுதியது. நாட்டுப்புறத்தார் பேசியதோ பழைய கார்த்தேஜியரின் மொழியான புனிக்கும் பெர்பெர் மொழிகளும். ஃபுஸ்ஸாலா என்னும் ஊருக்குப் புனிக் தெரிந்த ஓர் ஆயர் வேண்டுமென்று அகுஸ்தினாரே தேடியலைந்தார். ஆனால் அம்மொழிகளில் விவிலிய மொழிபெயர்ப்பு ஒன்றுகூட இன்றுவரை கிடைத்ததில்லை. எகிப்திலோ கிரேக்க எழுத்துகளோடு பழைய எகிப்திய எழுத்துகள் சிலவற்றைச் சேர்த்துக் கோப்து எழுத்து உருவானது. திருநூல் உழவரின் மொழியில் மடங்களிலும் சிற்றூர்களிலும் ஓதப்பட்டது. நகரம் வீழ்ந்தபோது அங்கே திருச்சபை ஒதுங்குவதற்கு ஊர்கள் இருந்தன. கார்த்தேஜில் நகரத்துப் பெருமக்கள் இத்தாலிக்குக் கப்பலேறியபின் ஊரில் எஞ்சியோர்க்குத் தங்கள் மொழியில் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை.

முடிவு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு கடிதமே சான்று. புதிய ஆயரைத் திருநிலைப்படுத்த மூன்று ஆயர்கள் வேண்டும் என்பது 325-இல் நிசேயாவில் கூடிய சங்கம் வகுத்த விதி. 1076-இல் திருத்தந்தை ஏழாம் கிரகோரி எழுதுகையில், ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான ஆயர்கள் இருந்த ஆப்பிரிக்காவில் அந்த மூவருக்கும் வழியில்லாமற் போயிற்றே என்று வருந்துகிறார். அப்போது ஆயராக வேண்டியவர் அதற்காக உரோமைக்கே போக வேண்டியிருந்தது.

கே: கோப்துத் திருச்சபையின் தலைவரைத் திருவுளச்சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதாகப் படித்தேன். உண்மையா?
– ஒரு வாசகி, காஞ்சிபுரம்

ப: உண்மைதான். வாக்கெடுப்பில் முன்னிலை பெற்ற மூவரின் பெயர்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதி, ஒரு பளிங்குக் கிண்ணத்தில் இட்டு மூடி முத்திரையிட்டுப் பீடத்தின்மேல் வைக்கிறார்கள். வழிபாட்டின் முடிவில், கண்ணைத் துணியால் கட்டிய ஒரு சிறுவன் அதில் கைவிட்டு ஒரு சீட்டை எடுக்கிறான். 2012 நவம்பர் 4 அன்று கெய்ரோவின் தலைமைக் கோவிலில் அவ்வாறு எடுக்கப்பட்ட பெயரே இன்றைய தலைவரான இரண்டாம் தவத்ரோசுடையது. உங்கள் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடத்து ஓலையை ஒன்றுமறியாத பாலகனைக்கொண்டு எடுப்பித்த செய்தி உங்களுக்கு நினைவு வந்திருக்கும். இரண்டிற்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் பெரியவர்களின் கட்சிகட்டலுக்கு அஞ்சிய இரு சமூகங்களும் ஒரு குழந்தையின் கையை நம்பியிருக்கின்றன.

கே: எத்தியோப்பியா யாருக்கும் அடிமைப்படாத நாடு. அதன் திருச்சபையும் தொடக்கம் முதலே தன்னாட்சி உடையதுதானே?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

ப: இல்லை என்பதுதான் பலருக்கும் வியப்பூட்டும் செய்தி. நான்காம் நூற்றாண்டில் தீர் நகரைச் சேர்ந்த ஃபுருமெந்தியுஸ் என்னும் இளைஞர், செங்கடலில் கப்பல் தாக்கப்பட்டுச் சிறைப்பட்டு, இன்றைய எத்தியோப்பியாவின் வடக்கிலிருந்த அக்சூம் அரசின் அரண்மனையில் பணியாளராகி, அங்கேயே செல்வாக்குப் பெற்றார். பின்னர் அவர் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குச் சென்று, அக்சூமில் வளர்ந்துவரும் கிறித்தவர்களுக்கு ஓர் ஆயரைத் தாருங்கள் என்று அந்நகரின் ஆயர் அத்தனாசியுசிடம் கேட்டார். உம்மைவிடத் தக்கவர் யார் என்று சொல்லி அத்தனாசியுஸ் அவரையே ஆயராக்கி அனுப்பினார். அக்காலத்து அக்சூம் மன்னன் எசானாவின் காசுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் மதமாற்றத்தைக் கண்ணாலேயே காணலாம். விரல் நகத்தளவேயுள்ள அந்தப் பொற்காசுகளில், பழையவற்றில் மன்னன் தலைக்குமேல் பிறையும் வட்டமும் இருக்கும். பிந்தியவற்றில் அதே இடத்தில் சிலுவை இருக்கும்.

எகிப்திலிருந்து ஆயர் பெற்ற அந்த முதல் நிகழ்ச்சியே பிற்பாடு விதியாக இறுகிவிட்டது. எத்தியோப்பியர் தம்முள் ஒருவரைத் தலைமை ஆயராக்கிக்கொள்ளக் கூடாது என்று நிசேயா சங்கத்தின் பெயரால் வழங்கிய ஒரு போலி விதியைக் காட்டி, ‘அபுன’ எனப்பட்ட தலைவரை ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் அலெக்சாந்திரியாவே அனுப்பிவந்தது. ஓர் அபுன இறந்தால் கெய்ரோவின் சுல்தானுக்குக் காணிக்கைகளோடு தூது போக வேண்டும். புதியவர் வந்து சேரும்வரை நாட்டில் ஒருவருக்கும் குருப்பட்டம் இல்லை. வந்தவருக்கோ பெரும்பாலும் நாட்டின் மொழி தெரியாது. இவ்வளவுக்குப் பின்னும் அத்திருச்சபை தழைத்ததற்குக் காரணம், நாட்டின் பழைய மொழியான கீஸில் திருநூலும், மலையுச்சிகளில் மடங்களும், தெப்ரெ லிபானோஸ் மடத்தின் தலைவரைப் போன்று நிர்வாகத்தைத் தாங்கிய உள்நாட்டாரும் இருந்தமையே. 1951-இல் பசிலியோஸ் முதல் எத்தியோப்பியத் தலைமை ஆயரானார். 1959-இல் அத்திருச்சபை தன் சொந்தப் பிதாப்பிதாவை, அதாவது தன்னாட்சித் திருச்சபையின் முதல்வரை, பெற்றது.

எத்தியோப்பியாவின் வடமேற்கு அண்டையில், இன்றைய சூடானில், நூபியாவின் கிறித்தவ அரசுகள் ஆறாம் நூற்றாண்டு முதல் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. அஸ்வான் உயர் அணையின் நீர் ஏறுவதற்கு முன் 1960-களில் அவசரமாக அகழ்ந்தபோது, ஃபரஸ் தலைமைக்கோவிலின் மணல் மூடிய சுவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் வெளிப்பட்டன; கருநிற முகத்து நூபிய ஆயர்கள் அங்கே திருவுடையில் நிற்கிறார்கள். கஸ்ர் இப்ரிம் கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டிருந்த திமொத்தேயுஸ் என்னும் ஆயரின் உடலோடு இரண்டு சுருள்கள் கிடைத்தன. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவரை ஆயராக்கி அலெக்சாந்திரியாவின் பிதாப்பிதா வழங்கிய பட்டயம் அவை. ஒன்று கோப்து மொழியில், மற்றது அரபியில். அவருக்குப்பின் ஆயர் வரத்து அற்றுப்போயிற்று. 1520-களில் எத்தியோப்பிய அரசவையில் இருந்த போர்த்துக்கீசியக் குரு அல்வாரெஸ், நூபியாவிலிருந்து ஆறு பேர் வந்து தங்களுக்குக் குருக்களை அனுப்பும்படி மன்றாடியதைத் தம் கண்ணால் கண்டதாக எழுதியிருக்கிறார். எனக்கே ஆயரைப் பிறர் தருகையில் நான் உங்களுக்கு எவ்வாறு தருவேன் என்று சொல்லி மன்னர் அவர்களை வெறுங்கையோடு திருப்பியனுப்பினார். ஆப்பிரிக்கத் திருச்சபை வரலாற்றில் இதைவிடத் துயரமான ஒரு பக்கத்தை நான் படித்ததில்லை.

கே: 1530-களில் எங்கள் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றபோது போர்த்துக்கீசியர் துணைநின்றனர். அதே காலத்தில் அவர்கள் ஆப்பிரிக்காவில் செய்தது என்ன?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

ப: உங்கள் ஊராருக்கு முன்பே, 1491-இல், காங்கோ நாட்டு மன்னர் நிசிங்கா அ நிகுவு திருமுழுக்குப் பெற்றார். அவர் மகன் முதலாம் அஃபோன்சோ அம்மறையைத் தன் மக்களின் மறையாகவே ஆக்கிக்கொண்டார், பள்ளிகள் நிறுவினார், தம் மகன் ஹென்றிக்கைக் குருத்துவப் படிப்புக்கு லிஸ்பனுக்கு அனுப்பினார். 1518-இல் திருத்தந்தை பத்தாம் லியோ அந்த இளைஞரை ஆயராக்கினார். ஆனால் காங்கோவின் ஆயராக அல்ல, ‘உத்திக்காவின் ஆயர்’ என்ற வெறும் பட்டத்தோடு. உத்திக்கா என்பது கார்த்தேஜுக்கு அருகில் எப்போதோ மறைந்துபோன ஒரு திருச்சபை. உயிரோடிருந்த ஆப்பிரிக்கத் திருச்சபையின் மகனுக்கு, இறந்துபோன ஆப்பிரிக்கத் திருச்சபையின் பெயரைச் சூட்டி அனுப்பினார்கள். 1521-இல் நாடு திரும்பிய அவர் பத்தாண்டுக்குள் இறந்துவிட்டார். சகாராவுக்குத் தெற்கே லத்தீன் மரபில் அடுத்த கறுப்பின ஆயராக உகாண்டாவின் யோசேப் கிவானுகா வந்தது 1939-இல்.

போர்த்துக்கல் அரசருக்கு உரோமை அளித்திருந்த ஞானக்காவல் உரிமையே இதன் வேர். ஆயரை முன்மொழிபவர் லிஸ்பன் அரசர். அவருடைய குடிகளோ காங்கோ மக்களை அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். தன் உறவினரைக்கூட வணிகர்கள் பிடித்துப் போவதாக அஃபோன்சோ 1526-இல் லிஸ்பனுக்கு எழுதிய முறையீடு இன்றும் இருக்கிறது. 1596-இல் தலைநகருக்குத் தனி மறைமாவட்டம் கிடைத்தும், வந்த ஆயர்கள் நாளடைவில் போர்த்துக்கீசியரின் லுவாண்டாவிலேயே தங்கிவிட்டனர். ஊர்களில் மறையைக் காத்தவர்கள் உள்நாட்டு உபதேசியார்களே. குருவைக் காணாத தலைமுறைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரைத் தென்கடற்கரையோர் நன்கு அறிவீர்கள்.

கே: எங்கள் ஊரை ஆக்கியது சி.எம்.எஸ். என்னும் ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கம். அச்சங்கம் ஆப்பிரிக்காவிலும் பணி செய்ததா? அங்கே உள்நாட்டார் ஆயராக முடிந்ததா?
– ஒரு வாசகர், மெஞ்ஞானபுரம்

ப: முடிந்தது, பிறகு முடியாமற்போயிற்று. இன்றைய நைஜீரியாவின் ஒசோகுன் ஊரில் 1821-இல் ஒரு காலைவேளையில் அடிமை வேட்டையாளர் புகுந்தபோது பிடிபட்ட சிறுவன் அஜாயி. கைமாறிக் கைமாறி விற்கப்பட்டு, அடுத்த ஆண்டு போர்த்துக்கீசியக் கப்பலொன்றின் அடித்தளத்தில் கிடந்தவனை ஆங்கிலக் கடற்படைக் கப்பல் மீட்டுச் சியரா லியோனில் இறக்கியது. அங்கே சாமுவேல் அஜாயி கிரவுதர் என்று திருமுழுக்குப் பெற்றான். 1827-இல் தொடங்கிய ஃபூரா பே கல்லூரியின் முதல் மாணவர்களுள் ஒருவனானான். 1843-இல் குருப்பட்டம் பெற்ற கிரவுதர், மூன்றாண்டுகள் கழித்து அபெயோகுத்தாவில் தம் தாயைக் கண்டுபிடித்தார். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் எதிரெதிரே நின்ற இருவரும் பேச்சற்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்ததாக அவரே குறித்து வைத்திருக்கிறார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அந்தத் தாய்க்கும் திருமுழுக்குக் கிடைத்தது.

அவர் தாய்மொழியான யொருபாவின் விவிலியம் முதன்மையாக அவருடைய உழைப்பு. அதன் சொற்களைக் கவனித்தால் அவர் காது எங்கிருந்தது என்று விளங்கும். குருவுக்கு ‘அலுஃபா’ என்றும் தீர்க்கதரிசிக்கு ‘வோலி’ என்றும், மன்றாட்டுக்கு ‘அதுரா’ என்றும் எழுதினார். மூன்றும் யொருபா இசுலாமியர் வாயில் முன்பே வழங்கியவை. மக்கள் நாவில் இருந்த சொல்லை அது எவர் வழி வந்தது என்று பாராமல் எடுத்தாண்ட அந்தத் துணிவை, தமிழ் விவிலியத்தில் ‘தேவன்’ வேண்டுமா ‘பராபரன்’ வேண்டுமா என்று நம் முன்னோர் பட்டபாட்டை அறிந்தவர்கள் மதிக்காமல் இருக்க முடியாது.

சங்கத்தின் செயலர் ஹென்றி வென், உள்ளூர்த் திருச்சபைகள் தம்மைத் தாமே நடத்தி, தாமே தாங்கி, தாமே பரப்ப வேண்டும் என்ற கொள்கையுடையவர். அவர் முயற்சியால் 1864 ஜூன் 29 அன்று கேண்டர்பரியில் கிரவுதர் ஆயரானார். அப்போதே ஒரு முடிச்சு விழுந்தது. ஆங்கில மிஷனரிகள் இருந்த லேகோசும் அபெயோகுத்தாவும் அவர் ஆட்சிக்கு வெளியே விடப்பட்டன, ஆப்பிரிக்கரின் கீழ் ஐரோப்பியர் பணியாற்ற மனமில்லாததால். 1873-இல் வென் மறைந்தபின் காற்று மாறியது. 1890 ஆகஸ்டில் ஒனிட்சாவில் கூடிய நிர்வாகக் குழுவில், ஆயரின் மகன் வயதேயான சில ஆங்கில இளைஞர்கள் அவருடைய குருக்களை ஒவ்வொருவராகப் பணிநீக்கினார்கள். ஆயர் இருக்க, ஒரு செயலருக்குக் குருவை நீக்கும் அதிகாரம் உண்டா என்று கேட்ட முதியவருக்கு விடை கிடைக்கவில்லை. அவர் குழுவிலிருந்து விலகினார். 1891 டிசம்பர் 31 அன்று இறந்தார். அவர் இடத்திற்கு ஓர் ஆங்கிலேயர் வந்தார். அதற்குப்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக நைஜீரியர் துணை ஆயராக மட்டுமே இருக்க முடிந்தது.

உங்கள் பகுதியோடு இதற்குத் தொடர்பு உண்டு. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912-இல் தோர்னக்கல்லின் ஆயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய ஆயரானார். கிரவுதர் ஆயரானபின் இந்தியர் ஒருவருக்கு அந்த வாசல் திறக்க 48 ஆண்டுகள் ஆயின. அப்போதைய கேண்டர்பரித் தலைமை ஆயர் ஜஸ்டின் வெல்பி, கிரவுதருக்கு இழைத்த அநீதிக்காகத் திருச்சபையின் சார்பில் வருத்தம் தெரிவித்தது 2014-இல்.

கே: ஆப்பிரிக்கர் தாங்களே தொடங்கிய சபைகள் ஏராளம் என்கிறார்களே, அவை எப்படித் தோன்றின?
– ஒரு வாசகி, சென்னை

ப: மேலே சொன்ன கதவுகள் மூடியதால் தோன்றியவை பல. எத்தியோப்பியா கடவுளை நோக்கிக் கைநீட்டும் என்னும் சங்கீத வாக்கைப் பற்றிக்கொண்டு, தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் மங்கேனா மொகோனே 1892-இல் மெதடிஸ்டு சபையிலிருந்து விலகி ‘எத்தியோப்பியத் திருச்சபை’யைத் தொடங்கினார். ஐவரிகோஸ்டில் வெள்ளை அங்கியும் மூங்கில் சிலுவையும் சுரைக்குடுவையுமாகக் கால்நடையாய் நடந்த வில்லியம் வேட் ஹாரிஸ், 1913 முதல் ஓராண்டு சொச்சத்தில் லட்சம் பேர் அளவில் திருமுழுக்குக் கொடுத்தார். பிரெஞ்சு அரசு அவரை நாடுகடத்தியது. நைஜீரியாவில் எழுந்த சபைகளுக்கு ‘அலதுரா’ என்று பெயர், மன்றாடுவோர் என்பது பொருள். கிரவுதர் எழுதிய அந்த ‘அதுரா’தான்.

இவர்களுள் சீமோன் கிம்பாங்குவின் வரலாறு என் மனத்தை விட்டு அகலாதது. பெல்ஜியக் காங்கோவின் நிகம்பா ஊரில் பாப்டிஸ்டு சபையின் உபதேசியாராக இருந்தவர் அவர். 1921 ஏப்ரலில் நோயாளிகளுக்காக மன்றாடிப் போதிக்கத் தொடங்கினார். தோட்டங்களையும் ஆலைகளையும் மருத்துவமனைகளையும் விட்டு மக்கள் அங்கே திரண்டார்கள். செப்டம்பரில் அவர் கைதானார். படைநீதிமன்றம் 120 கசையடியும் மரணமும் விதித்தது. பெல்ஜிய மன்னர் மரணத்தை ஆயுள்சிறையாகக் குறைத்தார். ஐந்து மாதம் போதித்தவர் முப்பது ஆண்டுகள் நாட்டின் மறுகோடியில் எலிசபெத்வில் சிறையில் கிடந்து 1951 அக்டோபரில் இறந்தார். அவரைப் பின்பற்றியோரை அரசு குடும்பம் குடும்பமாகப் பிடுங்கித் தொலைதூர மாகாணங்களில் எறிந்தது; போன இடமெல்லாம் அவர்கள் மறைவாகக் கூடிப் பாடினார்கள், அதனாலேயே கீழ்க்காங்கோவின் ஒரு மூலையில் பிறந்த சபை நாடு முழுவதும் பரவியது. அவர்களுக்கு ஆயரை அனுப்ப எந்த நகரமும் இல்லை; எவரிடமும் அவர்கள் கேட்கவும் இல்லை. 1959-இல் அரசின் ஏற்பும் 1969-இல் உலகத் திருச்சபைகள் மன்றத்தில் இடமும் கிடைத்தன. இரண்டிற்கும் இடையே, 1960-இல், கிம்பாங்குவின் உடலை எலிசபெத்வில் கல்லறையிலிருந்து எடுத்துவந்து நிகம்பாவில் அடக்கம் செய்தார்கள்.